குட்டி கேட்டு வந்தவர்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. வெள்ளவத்தையில் நான் குடியிருக்கும் ஒழுங்கையில், எங்கள் வீட்டுப் படலையை யாரோ தட்டும் ஓசை கேட்டது. வீட்டிலே பெரிய நாய்கள் இரண்டு. ஒன்று குரைத்துக்கொண்டு ஓடியது. மற்றது விறாந்தையில் படுத்த இடத்தை விட்டு அசையவேயில்லை. வந்தவர் கொட்டாஞ்சேனையில் வசிக்கும் என் பழைய மாணவர். இப்போது ஒரு வணிக நிலையத்தில் கணக்காளர். தேநீர் அருந்தி முடிந்ததும் வந்த விஷயத்தைச் சொன்னார்.

"சேர், உங்கள் வீட்டில் பொயின்டர்க் குட்டிகள் நிற்கின்றனவாம். ஒரு குட்டி வேண்டுமென்று என் மகள் ஒரு மாதமாக என்னை நித்திரை கொள்ள விடுகிறாளில்லை. விலை எவ்வளவென்றாலும் தருகிறேன்."

"விலை கிடக்கட்டும், தம்பி. காலை ஏழு மணி தொடக்கம் மாலை நான்கு மணி வரை உம்முடைய வீட்டில் யார் இருப்பார்கள்?"

அவர் சற்று யோசித்தார். தாமும் மனைவியும் வேலைக்குப் போவதாகவும், மகள் பாடசாலைக்குப் போவதாகவும் சொன்னார். முற்றம் எவ்வளவு பெரியது, விடியற்காலையில் நாயை நடத்திக்கொண்டு போவது யார், தவணை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது நாய் எங்கே நிற்கும் என்று நான் மேலும் கேட்டேன். நண்பரின் முகம் வாடிவிட்டது.

"சேர், நான் பெண் கேட்டு வரவில்லையே! நாய்க்குட்டிதானே கேட்டேன்? பெண் கேட்டுப் போனபோதுகூட என்னிடம் இத்தனை கேள்வி கேட்கவில்லை."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் மனம் நொந்துதான் போனார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குரிய விடையை அன்று நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. விறாந்தையில் அசையாமற் கிடந்த அந்த நாயே அதற்கு விடை. அதை இங்கே எழுத்திற் சொல்கிறேன். தம் பிள்ளைகளுக்கு நாய்க்குட்டி வாங்க நினைக்கும் பெற்றோருக்கும், வீட்டுப் பெட்டை ஒருமுறை குட்டி ஈன்றால் என்ன என்று எண்ணும் அன்பர்களுக்கும் இது பயன்படக்கூடும்.

பொயின்டர் என்ற பெயரே அந்த நாயின் தொழிலைச் சொல்வது. புதரிலே கவுதாரியோ காடையோ பதுங்கியிருப்பதை மோப்பத்தால் அறிந்தவுடன் இந்த நாய் குரைப்பதில்லை, பாய்வதுமில்லை. முன்காலொன்றை மடக்கித் தூக்கி, மூக்கை நேரே நீட்டி, வாலை விறைப்பாக்கிச் சிலைபோல நின்றுவிடும். பறவை இருக்குமிடத்தை வேடனுக்குச் சுட்டிக் காட்டுவது அதன் வேலை. இங்கிலாந்தில் 17-ஆம் நூற்றாண்டிலேயே இவ்வினம் அறியப்பட்டிருந்தது. ஆண் நாய் 63 முதல் 69 சென்ரிமீற்றர் உயரமும், பெட்டை 61 முதல் 66 சென்ரிமீற்றர் உயரமும் இருக்கவேண்டும் என்பது விதி. குட்டையான உரோமம்; வெள்ளையிலே செம்பழுப்போ கறுப்போ படர்ந்த நிறம்; மெல்லிய, ஆனால் உறுதியான கால்கள். 1877-இல் நியூயோர்க்கில் முதன்முதலாக நாய்க்காட்சி நடத்திய வெஸ்ட்மின்ஸ்டர்க் கழகத்தின் சின்னத்தில் நிற்பதும் சென்சேஷன் என்ற பொயின்டரே.

நாள் முழுவதும் வயல்வெளியில் ஓடுவதற்கென்று அமைந்த உடம்பு அது. அவ்வுடம்பைக் கொழும்பு 6-இலோ கொழும்பு 13-இலோ ஒரு சிறு வீட்டுக்குள் கொண்டுவரும்போது, ஓட்டத்தையும் சேர்த்துக் கொண்டுவருகிறோம் என்பதை மறக்கலாகாது. குட்டை உரோமமாதலால் நம் வெப்பத்தை அது ஓரளவு தாங்கும். எனினும் நண்பகல் வெயில் அதற்கும் ஆகாது. விடியுமுன் மரைன் டிரைவ் வீதி வழியே ஒருமணி நேரம், அந்தி சாய்ந்தபின் இன்னுமொரு மணி நேரம் என்று நான் நடக்கிறேன். பக்கத்திலேயே கரையோரப் புகையிரதப் பாதை. கைவார் இல்லாமல் அங்கே நாயை விடுவது கொலைக்கு ஒப்பாகும். நடக்க ஆளில்லாத வீட்டில் பொயின்டர் கதவைப் பிறாண்டும், செருப்பைக் கடிக்கும், ஓயாது குரைக்கும். அது நாயின் குற்றமன்று.

ஆனால் உரிய இடத்திற் சேர்ந்தால் இதற்கு இணையான குடும்பத் தோழன் அரிது. யூடி என்ற பொயின்டரின் வரலாற்றை எத்தனையோ வகுப்புகளுக்குச் சொல்லியிருக்கிறேன். 1936-இல் ஷங்காய் நகரிற் பிறந்து, யாங்சி ஆற்றில் ஓடிய பிரித்தானியப் போர்ப்படகொன்றில் அது வளர்ந்தது. வேட்டைத் தொழிலை அதற்குக் கற்பிக்க மாலுமிகள் முயன்றும் பயனில்லை. ஆனால் பகைவரின் விமானம் வருவதை மனிதர் செவிக்கு எட்டுமுன்னரே அறிந்து குரைத்தது. 1942 பெப்ரவரியில் அதன் கப்பல் குண்டுபட்டு அழிந்தது. தப்பியவர்கள் ஆளில்லாத் தீவொன்றில் குடிநீரின்றித் தவித்தபோது, கரையோரத்தில் மண்ணைத் தோண்டி நன்னீர் இருக்குமிடத்தைக் காட்டியது யூடிதான். பின்பு சுமாத்திராவில் யப்பானியரின் கைதிகளுடன் தானும் கைதியாயிற்று. பிராங்க் வில்லியம்ஸ் என்ற விமானப்படை வீரர் தம் பங்குச் சோற்றை அதனோடு பகிர்ந்துண்டார். மேடானில் குளுகோர் முகாமில் 81ஏ என்ற இலக்கத்துடன் போர்க்கைதியாகப் பதிவு பெற்றது. இரண்டாம் உலகப் போரில் அவ்வாறு பதிவு பெற்ற நாய் அதுவொன்றே. 1946-இல் விலங்குகளின் வீரத்துக்கு வழங்கப்படும் டிக்கின் பதக்கம் அதற்குக் கிடைத்தது. 1950-இல் ஆபிரிக்காவில் தன் எசமானருடன் வாழ்ந்திருந்தபோது இறந்தது.

இவ்வாறான கதைகளை நாம் விரும்பிச் சொல்கிறோம். நாய் மனிதனைக் கைவிடாத கதைகள் அவை. மாணிக்கவாசகர் தம்மையே நாயென்று தாழ்த்திப் பாடினார். அதைக் கேட்டு உருகும் நாம் வாசலிற் கிடக்கும் நாயை ஏறிட்டும் பார்ப்பதில்லை. நம்மிடத்திலே மறுபக்கக் கதையும் ஒன்றுண்டு. பாரதத்தின் இறுதியில் தம்பியரும் தேவியும் வழியில் வீழ்ந்தபின், தருமருடன் நடந்தது ஒரு நாய் மாத்திரமே. நாய்க்குச் சுவர்க்கத்தில் இடமில்லை என்றான் இந்திரன். நம்பி வந்த உயிரை விட்டுவிட்டு வரும் சுவர்க்கம் எனக்கு வேண்டாம் என்று நின்றார் தருமர். நாயின் நன்றியை எல்லோரும் சொல்கிறார்கள். மனிதன் நாய்க்குச் செலுத்தவேண்டிய கடனைச் சொல்வது அந்தக் கதை. அந்தக் கடனிலே நான் தவறியவன். ஆதலாற்றான் அதைப் பற்றிப் பேசுகிறேன்.

2014-ஆம் ஆண்டு எங்கள் வீட்டில் செம்பி என்ற பொயின்டர்ப் பெட்டை இருந்தது. வயது ஒன்றரையும் நிரம்பவில்லை. அதை எனக்குத் தந்தவரே ஒரு கடுவனையும் காட்டினார். இரண்டும் அழகானவை, வேறென்ன வேண்டும் என்று எண்ணினேன். ஒன்பது குட்டிகள் பிறந்தன. ஒழுங்கை முழுவதும் வந்து பார்த்து மகிழ்ந்தது. நான்காவது வாரத்தில் குட்டிகள் வீடெங்கும் அசுத்தம் செய்யத் தொடங்கின. ஐந்தாவது வாரத்தில், கேட்டவர்க்கெல்லாம் கொடுத்துவிட்டேன். யார் என்று விசாரிக்கவில்லை. ஊசி போடவில்லை. "நல்ல இடத்துக்குப் போகிறது" என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

அவற்றுள் இரண்டு, போன வீடுகளிலே ஒரு மாதத்துள் இரத்தக் கழிச்சல் கண்டு மடிந்தன. பார்வோ என்னும் கிருமியால் வரும் நோய் அது. 1978-இல் உலகெங்கும் பரவத் தொடங்கிய அந்நோய்க்குத் தடுப்பூசி வந்து பல்லாண்டுகள் ஆகியிருந்தன. மூன்றாவது குட்டியை மறு ஆண்டு கொட்டாஞ்சேனையிலே கண்டேன். ஒரு மரண வீட்டுக்குப் போய்த் திரும்பும் வழியில், ஓர் ஒடுங்கிய சந்திலே, இரும்புக் கதவிற் கட்டிய குறுஞ்சங்கிலியில் வெயிலில் நின்றது. தோளில் இருந்த செம்பழுப்பு மறுவினால் அதை அடையாளம் கண்டேன். விலா எலும்புகளை எண்ணக்கூடியதாக இருந்தது. கையை நீட்டினேன்; பல்லைக் காட்டியது. "கடிக்கிறது ஐயா, அதனாற்றான் கட்டி வைத்திருக்கிறோம்" என்றார்கள் வீட்டார். அவர்கள் தீயவர்களல்லர். பகலெல்லாம் உழைத்துக் களைத்து வருபவர்கள். எத்தகைய நாயைத் தாம் பெற்றோம் என்பதை அவர்களுக்குச் சொல்லவேண்டியவன் நானல்லவா? மறு வாரம் அதைக் கேட்டு வாங்கி வரப் போனேன். யாருக்கோ கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள்.

நான்காவது குட்டியை எவரும் கொண்டுபோகவில்லை. கொண்டுபோனவர் திருப்பித் தந்துவிட்டார் என்பதே சரி. கூப்பிட்டால் வருவதில்லை, மந்தபுத்தி என்றார். நான் அலுமினியத் தட்டைத் தட்டிப் பார்த்தேன். செம்பி பாய்ந்து வந்தது. குட்டி உறங்கிக்கொண்டேயிருந்தது. அருகிற் போய் முதுகைத் தொட்டபின்பே திடுக்கிட்டு விழித்தது. பிறவிச் செவிடு. அதற்கு மௌனி என்று பெயரிட்டேன், சிறுகதையாசிரியரை நினைத்தன்று. ஞாயிற்றுக்கிழமை படலையோசைக்கு அசையாமற் கிடந்தவன் அவனே.

ஒன்பதில் நான்கின் கதை இது. மற்றை ஐந்தும் என்ன ஆயின என்பதை இன்றுவரை அறியேன்.

மௌனியைப் பரிசோதித்த மிருக வைத்தியர் பெற்றோரின் வமிசாவளிப் பத்திரங்களைக் கேட்டார். அன்றுதான் அவற்றை முதன்முறையாக ஒழுங்காக வாசித்தேன். செம்பிக்கும் அந்தக் கடுவனுக்கும் தந்தை ஒன்றே. ஒரு தந்தைக்கு வெவ்வேறு தாயரிடம் பிறந்த உடன்பிறப்புகளை நான் சேர்த்துவிட்டிருந்தேன். இவ்வகைச் சேர்க்கையின் நெருக்கத்தை அளக்க அமெரிக்க அறிஞர் சியூவல் ரைட் 1922-இல் ஒரு கணக்குமுறை வகுத்தார். அக்கணக்கின்படி முழு உடன்பிறப்புகளின் குட்டிகளுக்கு 25 வீதம். அரை உடன்பிறப்புகளின் குட்டிகளுக்கு 12.5 வீதம். பெற்றோர் இருவரிடமும் மறைந்து கிடக்கும் ஒரே குறை இவ்வாறான குட்டிகளிலே ஒன்றுகூடி வெளிப்படும் வாய்ப்பு மிகும். மௌனியின் செவிட்டுக்கு அதுவே காரணமென்று எவரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அவ்வாய்ப்பை உண்டாக்கியவன் நான். இலங்கை சிறு தீவு. இங்கே ஓர் அயல்நாட்டு இனத்து நாய்கள் சிலவே இருக்கும். அவை ஒன்றுக்கொன்று உறவாயிருப்பதும் இயல்பு. ஆகவே மூன்று தலைமுறைப் பெயர்களையாவது ஒப்புநோக்காமல் இணை சேர்த்தலாகாது.

அழகை மாத்திரம் பார்த்துப் பெருக்குவதால் வரும் தீங்குக்குத் தமிழகத்திலேயே சான்றுண்டு. 2005-இல் இந்திய அஞ்சல்தலையில் இடம்பெற்ற இராஜபாளையம் நாயை அறியாதார் இல்லை. பால்வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்குமே சிறப்பென்று தேர்ந்து தேர்ந்து வளர்த்தமையால், அவ்வினத்திலே செவிட்டுக் குட்டிகள் பிறப்பது பலரறிந்த குறையாயிற்று.

செவியும் காலும் போலக் குணமும் வழிவழி வருவது. பொயின்டர்களைக் கொண்டே இதை ஆராய்ந்தார்கள். 1960-களில் அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்து ஆய்வாளர்கள் பொயின்டர்களை இரு கிளைகளாகப் பெருக்கினர்: ஒன்று இயல்பான குணமுடைய கிளை, மற்றொன்று அச்சமுடைய கிளை. இரண்டாவது கிளையின் நாய்கள் மனிதரைக் கண்டவுடன் உறைந்து நடுங்கின. அன்பாக வளர்த்தும் அந்த அச்சம் எளிதிற் போகவில்லை. பிற்காலத்தில் அந்நாய்களின் செவியைப் பரிசோதித்தபோது அவற்றுட் பெரும்பாலானவை செவிடென்பதும் தெரியவந்தது. ஆதலால், விருந்தினரைக் கண்டு மேசையின் கீழ் ஒளியும் பெட்டையும், குழந்தையின் கையைக் கண்டு உறுமும் கடுவனும் எவ்வளவு அழகாயிருந்தாலும் பெற்றோராகத் தக்கவையல்ல. குடும்பத்துக்கென்று குட்டி தருபவர் முதலிற் பார்க்கவேண்டியது குணமே.

செம்பிக்கு மறுபடி குட்டி ஈன இடங்கொடுக்கவில்லை. கருத்தடைச் சிகிச்சை செய்வித்தேன். அது முதுமையடைந்து இறந்தது. வேறொரு வழியில் வந்த நீலா என்ற பெட்டையை வளர்த்தேன். இரண்டு வயது நிறைந்தபின் இடுப்பு மூட்டை எக்ஸ்ரே எடுப்பித்தேன். பெரிய நாய்களில் தொடையெலும்பின் தலை குழியிற் செவ்வனே பொருந்தாத குறை வழிவழி வருவதுண்டு. வளர்ச்சி முடியுமுன் எடுக்கும் படத்தை நம்ப முடியாது. கண்களையும் பரிசோதிப்பித்தேன். இணை சேர்க்குமுன் இருபுறத்து நாய்களுக்கும் புரூசெல்லா என்ற நோய்க்கு இரத்தப் பரிசோதனை செய்தோம். கருவைச் சிதைப்பதோடு மனிதர்க்கும் தொற்றக்கூடிய நோய் அது. கடுவன் கண்டியிலிருந்து வந்தது. மூன்று தலைமுறையில் உறவு ஒன்றும் இல்லை.

இவையெல்லாவற்றுக்கும் முன்னே இன்னொன்று செய்தேன். அதுவே முதன்மையானது. ஒரு கொப்பியில், குட்டி வேண்டுமென்று உண்மையாகவே கேட்கும் குடும்பங்களின் பெயர்களை எழுதினேன். ஆறு பெயர் நிறைந்த பின்பே நீலாவைக் கண்டிக்குக் கொண்டுபோனேன். குட்டி பிறந்தபின் வீடு தேடுபவன், எவர் வந்தாலும் கொடுத்துவிடுவான். வீடு தேடியபின் குட்டியை வரவழைப்பவனே இல்லை என்று சொல்லும் வலிமை உடையவன்.

நாய்க்குக் கருக்காலம் ஏறக்குறைய 63 நாள். இறுதி வாரத்தில் நாளிரு முறை உடற்சூட்டை அளந்தேன். வழக்கமாக 38 பாகைக்கு மேல் நிற்கும் சூடு 37-க்குக் கீழே இறங்கினால், ஒரு நாளுக்குள் குட்டி பிறக்கும் என்பது கணக்கு. அவ்வாறே நள்ளிரவில் தொடங்கி விடிவதற்குள் ஏழு குட்டிகள் பிறந்தன. ஒவ்வொன்றையும் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதினேன். எட்டு, பத்து நாளில் பிறந்த நிறை இரட்டிக்கவேண்டும். ஒருநாள் நிறை ஏறாவிட்டால் அதுவே முதல் எச்சரிக்கை. முதல் வாரங்களில் குட்டிக்குத் தன் உடற்சூட்டைத் தானே காக்கத் தெரியாது. கொழும்பின் வெப்பம் இவ்விஷயத்தில் நமக்குத் துணை. ஆயினும் மழை இரவுகளில் பெட்டியின் மூலையொன்றைக் கதகதப்பாக வைத்தேன். பால் கொடுக்கும் தாய் நடுங்கினாலோ, கால் விறைத்தாலோ காலை வரை காத்திருத்தலாகாது. சுண்ணச்சத்துக் குறைவால் வரும் அந்த வலிப்பு சில மணி நேரத்தில் உயிரைக் கொண்டுபோகும்.

பூச்சி மருந்து இரண்டாவது வாரமே தொடங்கிற்று. பின்னர் இருவாரத்துக்கு ஒருமுறை. தாயின் வயிற்றிலிருக்கும்போதே உருளைப்புழு குட்டியைத் தொற்றிவிடுகிறது. அதன் முட்டை மண்ணிற் கலந்து விளையாடும் குழந்தைகளின் வயிற்றிலும் புகக்கூடும், கண்ணையும் கெடுக்கக்கூடும். ஆகவே குட்டியின் பூச்சி மருந்து நம் பிள்ளைகளின் மருந்துமாகும். ஆறாவது வாரம் கடந்ததும் முதற்றடுப்பூசி. பிறகு மேலும் இரு ஊசிகள். மூன்று மாதமளவில் விசர்நோய்த் தடுப்பூசி. கடைசி ஊசிகளைப் போடுவது குட்டியை வாங்கியவரின் பொறுப்பு. எந்த நாளில் என்ன ஊசி என்பதை எழுதிக் கையிற் கொடுப்பது நம் பொறுப்பு.

இந்த நகரத்தில் விசர்நோய் வெறும் புத்தக விஷயமன்று. விசர்நோய்க் கட்டளைச் சட்டம் 1893-இலும், நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம் 1901-இலும் இயற்றப்பட்டன. 1973-இல் இந்நாட்டில் 300-க்கும் மேற்பட்டோர் இந்நோயால் இறந்தனர். தடுப்பூசி பரவியதால் 2011-இல் அத்தொகை 50-க்குள் இறங்கியது. 2006-இல் தெருநாய்களைக் கொல்லுவதில்லை என்ற கொள்கையை அரசு மேற்கொண்டது. கொல்லாமை நம் சமயங்களுக்கெல்லாம் உகந்தது. ஆனால் கொல்லாமல் விட்டால் மட்டும் போதாது. வேண்டாத குட்டியைச் சந்தையருகே விட்டுவிட்டு, எவராவது சோறு போடுவார் என்று போகிறவனும் தான் கொல்லவில்லை என்றுதான் சொல்லிக்கொள்வான். தெருவில் கிடக்கும் ஒவ்வொரு நாய்க்கும் முன்னாலே, எங்கோ ஒரு வீட்டிலே ஒருவர் யோசியாமல் விட்ட தருணம் ஒன்றிருக்கிறது.

வீட்டில் வளர்வதால் குட்டிக்கு உண்டாகும் ஒரு நன்மையையும் சொல்லவேண்டும். அமெரிக்காவிலே பார் ஹார்பர் என்ற ஊரில் ஸ்கொட், புல்லர் என்ற இருவர் நெடுங்காலம் நாய்க்குட்டிகளை ஆராய்ந்து 1965-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். மூன்றாவது வாரத்துக்கும் பன்னிரண்டாவது வாரத்துக்கும் இடையில் குட்டி யாரைக் காண்கிறதோ, அவர்களையே தன் உலகமாகக் கொள்கிறது என்பது அவர்கள் கண்ட உண்மை. கூட்டில் அடைத்து விற்பவரால் இக்காலத்தை நிரப்ப முடியாது. எங்கள் வீட்டுக் குட்டிகளோ அம்மியோசை கேட்டன. முச்சக்கர வண்டியின் இரைச்சலும், கோவில் மணியும், கடற்கரைப் புகையிரதத்தின் அதிர்வும் கேட்டன. பக்கத்து வீட்டுக் குழந்தைகள் கை கழுவிக்கொண்டு வந்து மடியில் வைத்துக் கொஞ்சினார்கள். எட்டு வாரத்துக்கு முன்னே ஒன்றையும் தாயைவிட்டுப் பிரிக்கவில்லை. கடித்து விளையாடும்போது எவ்வளவு கடிக்கலாம் என்பதைத் தாயும் உடன்பிறந்தவையுமே கற்பிக்கின்றன. ஐந்தாவது வாரத்தில் நான் பிரித்த அந்தக் கொட்டாஞ்சேனைக் குட்டிக்கு அப்பாடம் கிடைக்கவில்லை.

செலவுக் கணக்கையும் ஒளிக்கவில்லை. பரிசோதனை, பயணம், மருந்து, உணவு எல்லாம் கூட்டினால், வாங்கிய விலை செலவைத் தொட்டது, தாண்டவில்லை. இதில் இலாபம் பார்க்க வேண்டுமானால் மேலே சொன்னவற்றில் எதையேனும் விட்டுவிடவேண்டும். விடுகிறவர்களுக்கே இலாபம் வரும்.

நிற்க. மூன்று வாரம் சென்று, மீண்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை படலை தட்டப்பட்டது. கொட்டாஞ்சேனை நண்பர் மனைவியுடனும் மகளுடனும் வந்திருந்தார். ஆறு குட்டிகளுக்கும் ஆறு வீடு. எஞ்சியது ஏழாவது குட்டி ஒன்று.

"சேர், அன்று கோபத்தோடுதான் போனேன்," என்றார். "பிறகு வீட்டில் இருந்து பேசினோம். ஊரிலிருந்து என் மாமியார் வந்து எங்களுடன் தங்கப் போகிறார். பகலில் அவர் இருப்பார். விடியற்காலை நான் விவேகானந்தா மேடு வரை நடக்கிறேன், டொக்டர் நடக்கச் சொல்லி இரண்டு வருடமாகிறது. விடுமுறையில் தம்பி வீட்டில் விடலாம், கேட்டுவிட்டேன்."

பெண்ணுக்குப் பதினொரு வயதிருக்கும். கையிலே ஓர் அப்பியாசக் கொப்பி. தந்தை முடித்ததும் அவள் தொடங்கினாள். தாய் நாயின் எக்ஸ்ரே இருக்கிறதா? தகப்பன் நாய்க்கும் எடுத்தார்களா? பூச்சி மருந்து எந்தெந்தத் திகதியில் கொடுத்தீர்கள்? குட்டிக்குக் காது கேட்கிறதா என்று பார்த்தீர்களா? தந்தை அவளை அடக்கப் பார்த்தார். நான் தடுத்தேன். விற்பவன் கேட்கும் கேள்விகள் பாதி; வாங்குபவர் கேட்கவேண்டியவை மறுபாதி. எந்தக் கேள்விக்கும் முகம் சுளிப்பவரிடம் குட்டி வாங்காதிருப்பதே நன்று. பத்திரங்களை எடுத்து வந்து அவள் முன்னே விரித்தேன். தட்டைத் தட்டிக் காட்டினேன். குட்டி துள்ளிக்கொண்டு வந்தது. விறாந்தையில் மௌனி உறங்கிக்கொண்டிருந்தான்.

"அவர் ஏன் எழும்பவில்லை?" என்று கேட்டாள்.

சொன்னேன். செம்பியையும், ஒரே தந்தையையும், ஒன்பது குட்டிகளையும் சொன்னேன். கொட்டாஞ்சேனைச் சந்தையும் சொன்னேன். அவள் கொப்பியில் ஒன்றும் எழுதவில்லை.

"அப்படியென்றால் அது உங்கள் பிழையா, சேர்?"

முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் நான். மாணவர்களின் பிழையைச் சிவப்பு மையாற் சுட்டிக் காட்டிப் பழகியவன். தாயும் தந்தையும் சங்கடத்தோடு என்னைப் பார்த்தார்கள்.

"ஓம், பிள்ளை. என்னுடைய பிழைதான்."

ஒன்பதாவது வாரத்தில் வந்து குட்டியைக் கொண்டுபோனார்கள். ஒரு தாளில் இரண்டு வரி எழுதி, இருவரும் கையொப்பமிட்டோம். எக்காரணத்தாலேனும் வளர்க்க முடியாமற்போனால், எத்தனை வயதானாலும், குட்டி என் வீட்டுக்கே திரும்பி வரவேண்டும் என்பது ஒன்று. வந்தால் காரணம் கேளாமல் நான் ஏற்றுக்கொள்ளவேண்டும் என்பது மற்றொன்று. இரண்டாவது வரிதான் முக்கியமானது. அது என்னைக் கட்டுவது.

அவர்கள் போனபின் நீலா சற்று நேரம் படலையருகே நின்று பார்த்துவிட்டுத் திரும்பியது. நடக்கும் வேளையாகிவிட்டது. கைவாரை எடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போய், மௌனியின் முதுகை மெல்லத் தொட்டேன். விழித்துப் பார்த்து, வாலை அசைத்துக்கொண்டு எழுந்து வந்தான்.